வரப்போகும் மென்பொருளை நம்பி இன்றே கார் எடுக்கலாமா?

கேள்வி: கோவையில் பம்புசெட் உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறேன். தொழில் காரணமாக மாதம் இரண்டு முறை சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு நானே ஓட்டிச் சென்று வருகிறேன். சென்ற பொங்கலை ஒட்டி, இரவு ஒன்பது மணியளவில், ஆத்தூரைத் தாண்டிய இடத்தில் பின்விளக்கு இல்லாமல் சென்ற கரும்பு டிராக்டர் ஒன்றின் மேல் மோதப் போய் மயிரிழையில் தப்பினேன். அதன்பிறகுதான் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதியுள்ள கார் வேண்டும் என்று முடிவு செய்து, புதிதாக வந்திருக்கும் ஒரு மின்சார எஸ்.யூ.வி.யின் டாப் வேரியன்ட்டை புக் செய்தேன். அதற்கு அடுத்த வேரியன்ட்டைவிட 2.4 லட்சம் ரூபாய் அதிகம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் 'அடாஸ்' எனப்படும் ஓட்டுநர் உதவி வசதிகளுக்காகத்தான். டெலிவரிக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவசர பிரேக், லேனின் நடுவில் காரை வைத்திருக்கும் வசதி, தானாக பார்க்கிங் செய்யும் வசதி ஆகிய மூன்றும் இன்னும் தயாராகவில்லை, மூன்று மாதத்தில் அப்டேட்டில் வந்துவிடும், கேமராவும் ரேடாரும் காரிலேயே இருக்கின்றன என்கிறார்கள். இந்த மாதத்துக்குள் எடுத்தால் 40,000 ரூபாய் சலுகையாம். பட்டறையின் பெயரில் வாங்கினால் வரிக் கணக்கில் தேய்மானம் காட்டலாம் என்று ஆடிட்டர் சொல்கிறார். நகருக்குள் என் மனைவியும் இதே காரைத்தான் ஓட்டப் போகிறார். இப்போதைய கார் எட்டு வருடப் பழையது, நன்றாகவே ஓடுகிறது. டெலிவரி எடுக்கலாமா, தள்ளிப்போடலாமா, கீழ் வேரியன்ட்டுக்கு மாறலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் டெலிவரி எடுக்க வேண்டாம். புக்கிங்கை ரத்து செய்யவும் வேண்டாம். அவசர பிரேக் இயங்கும் நிலையில் உள்ள இதே மாடல் கார் ஒன்றை உங்கள் கையில் கொடுத்து ஓட்டச் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். இந்தக் காரை வாங்க நினைத்ததற்கே ஆத்தூர் அருகே நடந்த அந்தச் சம்பவம்தான் காரணம் என்கிறீர்கள். அன்று உங்களுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய வசதி எதுவோ, அதுதான் இந்தக் காரில் இன்று இல்லை. பாட்டுக் கேட்கும் வசதியோ, இருக்கையைக் குளிரூட்டும் வசதியோ மூன்று மாதம் கழித்து வரும் என்று சொல்லியிருந்தால், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருப்பேன்.

நான் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் வாகனச் சோதனைப் பொறியாளராக வேலை பார்த்தவன். அதில் கடைசி ஆறு ஆண்டுகள் இந்த ஓட்டுநர் உதவி வசதிகளைச் சாலையில் சோதிப்பதுதான் என் பணி. 'கேமராவும் ரேடாரும் இருக்கின்றன, மென்பொருள் மட்டும்தான் பாக்கி' என்று ஷோரூமில் சொல்லும்போது, வயரிங் முடிந்து மின் இணைப்புக்குக் காத்திருக்கும் வீடு ஒன்று நம் மனத்தில் வருகிறது. இணைப்பு வந்துவிட்டால் விளக்கு எரியும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த வேலையில் கருவியைப் பொருத்துவது எளிய பாதி. அந்தக் கருவி பார்ப்பது என்ன, அதற்காக எப்போது பிரேக் பிடிக்க வேண்டும், எப்போது பிடிக்கவே கூடாது என்று தீர்மானிக்கும் பகுதிதான் கடினமானது, அதிக நாள் பிடிப்பது, முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்ல முடியாதது.

ரேடாரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் வாகனத்தின் தூரத்தையும் வேகத்தையும் அது மிகத் துல்லியமாக அளக்கும். ஆனால் அசையாமல் நிற்கும் பொருள்களில் அதற்கு நெடுநாளாக ஒரு சிக்கல் உண்டு. சாலைக்கு மேலே நிற்கும் இரும்பு வழிகாட்டிப் பலகை, பாலத்தின் இணைப்புத் தகடு, சுங்கச்சாவடியின் கூரைத்தூண், நடுச்சாலையில் பழுதாகி நிற்கும் லாரி ஆகிய எல்லாமே அதற்கு ஏறத்தாழ ஒரே மாதிரி எதிரொலியைத்தான் தருகின்றன. எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் கார் ஓட்டவே முடியாது என்பதால், நிற்கும் பொருள்களின் எதிரொலியைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு, கேமராவும் சேர்ந்து 'ஆம், இது வாகனம்தான்' என்று உறுதி சொன்னால் மட்டும் பிரேக் பிடிக்கும்படி பல அமைப்புகள் வடிவமைக்கப்படுகின்றன. இனி கேமராவின் நிலை. அது எதை வாகனம் என்று கற்றுக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் வாகனம் என்று சொல்லும். வெளிநாட்டுச் சாலைப் படங்களில் பயின்ற கேமராவுக்கு லாரியின் பின்புறம் என்றால் செவ்வகமான கதவு, இரண்டு சிவப்பு விளக்கு, எண் பலகை. கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்புறத்தில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. தோகை தொங்கும், பாரம் இரு பக்கமும் பிதுங்கி நிற்கும், கீழே சக்கரம்கூடச் சரியாகத் தெரியாது. எங்கள் சோதனை ஓட்டங்களில் வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி ஒன்றைக் கேமரா அருகில் போகும்வரை எதுவென்றே சொல்லாமல் இருந்ததையும், நகரப் பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்த ஆளுயர விளம்பரப் படத்தைச் 'சாலையில் நிற்கும் மனிதர்' என்று திரையில் காட்டியதையும் நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பேருந்துப் படம் ஒன்றைச் சரிசெய்வதற்கே எங்கள் குழுவில் இரண்டு வாரம் ஆயிற்று. ஏனென்றால் அதைச் சரிசெய்த பிறகு, உண்மையான மனிதர் பேருந்துக்குப் பின்னால் நின்றால் அவரையும் ஒதுக்கிவிடாமல் இருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஆகவே தாமதத்தை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பின்னால் மணல் லாரி நெருங்கி வரும்போது, நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் கார் தானாக முழு பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வசதி முழுமையாகச் சரியாகும்வரை வெளியே விடமாட்டேன் என்று நிற்கும் பொறியாளர் தன் கடமையைச் செய்கிறார். தவறு எங்கே என்றால், அவர் இன்னும் கையெழுத்துப் போடாத ஒன்றுக்கு விற்பனைப் பிரிவு இன்றே 2.4 லட்சம் வாங்குவதில் இருக்கிறது.

இது உங்களுக்கு மட்டும் நேர்வது அல்ல. 2016 அக்டோபரில் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம், அன்று முதல் தயாராகும் தன் கார்கள் எல்லாவற்றிலும் எட்டு கேமராக்களும், ஒலி அலையால் அருகிலுள்ள பொருளின் தூரத்தை அளக்கும் 12 அல்ட்ராசோனிக் உணரிகளும், ஒரு ரேடாரும் இருக்கும் என்று அறிவித்தது. அதே அறிவிப்பில், முந்தைய கார்களில் ஏற்கெனவே இருந்த அவசர பிரேக், மோதல் எச்சரிக்கை, லேன் பிடிக்கும் வசதி, முன் வாகனத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் குரூஸ் ஆகியவை புதிய கார்களில் தற்காலிகமாக இருக்காது என்றும் சொல்லப்பட்டது. அதாவது புதிய கார் வாங்கியவருக்குப் பழைய கார் வைத்திருந்தவரைவிடக் குறைவான பாதுகாப்பு வசதி. மேம்பட்ட ஆட்டோபைலட் என்ற பெயரில் 5,000 டாலர் கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் அது வரும் என்று சொல்லப்பட்டது. வசதிகள் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தன. அவசர பிரேக் 2017 ஏப்ரல் கடைசியில்தான் வந்தது, அதுவும் முதலில் மணிக்கு 28 மைல், அதாவது சுமார் 45 கிலோமீட்டர் வேகம் வரைதான் இயங்கியது. அதுவரை அவசர பிரேக் இல்லை என்ற காரணத்துக்காகவே, பொருள்களைச் சோதித்து மதிப்பிடும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அந்த மாதம் அந்தக் கார்களின் மதிப்பெண்ணைக் குறைத்தது. வாங்கியவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தபோது, 5,000 டாலர் கட்டியவர்களுக்குக் காத்திருந்த காலத்தைப் பொறுத்து 20 முதல் 280 டாலர் வரை ஈடு என்று உடன்பாடானது. நீதிமன்றம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த எண்களைத்தான் சொல்வேன்.

அதே நிறுவனம் 2022 அக்டோபரில் மாடல் 3, மாடல் ஒய் கார்களில் அல்ட்ராசோனிக் உணரிகளை எடுத்துவிட்டு, கேமராவை வைத்தே அந்த வேலையைச் செய்யப் போவதாகச் சொன்னது. மென்பொருள் வரும் முன்பே உணரி இல்லாத கார்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டன. பார்க்கிங்கில் தூரம் காட்டும் வசதி 2023-ல் வந்தது. தானாக பார்க்கிங் செய்யும் வசதிக்கு அவர்கள் 2024 வரை காத்திருந்தார்கள். சிறிய காலம் என்று சொல்லப்பட்டது இத்தனை நீண்டது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வோல்வோ இ.எக்ஸ்.90. பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற நிறுவனம் அது. கூரையின் முன்விளிம்பில் லைடார் என்னும் லேசர் உணரியைப் பொருத்தி, எதிர்கால மென்பொருளுக்குத் தயாரான கார் என்று 2024-ல் விற்கத் தொடங்கியது. ஆனால் தொடக்கத்தில் அந்த லைடார் ஓட்டுநருக்கு உதவும் வேலை எதையும் செய்யவில்லை; தகவல் சேகரித்ததோடு சரி. பிறகு 2026 மாடலில் லைடாரையே எடுத்துவிட்டார்கள். கருவி காரில் இருக்கிறது என்பது, அது ஒருநாள் வேலை செய்யும் என்பதற்கு உறுதி ஆகாது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதே சமயம், 2025 மாடல் வாங்கியவர்களின் மையக் கணினியை, பின்னால் வந்த கார்களில் உள்ள சக்திவாய்ந்த கணினியாக இலவசமாகவே மாற்றித் தருவதாக வோல்வோ சொன்னது. பொறுப்பேற்கும் நிறுவனம் இப்படி எழுத்தில் சொல்லும். உங்கள் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும் என்று பின்னால் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் நாட்டில் இந்த வசதிகள் பரவலாகத் தொடங்கியது 2020-ல் எம்.ஜி. குளோஸ்டர், 2021-ல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700 போன்ற கார்களிலிருந்துதான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கார், நம் நாட்டின் கார் பாதுகாப்பு மதிப்பீடான பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்த மதிப்பீடு, மோதல் நடந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. தானியங்கி அவசர பிரேக்குக்கு அதில் மதிப்பெண் இல்லை. ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2014 முதலே அவசர பிரேக்கைச் சோதித்து மதிப்பெண் தருகிறது. ஆகவே விற்பனையாளர் ஐந்து நட்சத்திரத்தைக் காட்டி அடாஸ் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னால், அது அந்தக் கேள்விக்கான பதில் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது ஆத்தூர் இரவுக்கு வருவோம், ஏனென்றால் வசதி முழுமையாக வந்த பிறகும் அது உங்களுக்கு எவ்வளவு செய்யும் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டே பணம் கொடுக்க வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகிறது. இருட்டில் முன்னால் ஏதோ இருக்கிறது என்று கண் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி ஆகலாம். அதற்குள் 37 மீட்டர் கடந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில், நல்ல டயரோடு, முழுப் பலத்தோடு பிரேக் மிதித்தால் நிற்பதற்கு இன்னும் சுமார் 40 மீட்டர் வேண்டும். மொத்தம் 77 மீட்டர். டிம் வெளிச்சத்தில், பின்விளக்கு இல்லாத கரும்புப் பாரம் இவ்வளவு தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியாது. டிராக்டர் நகர்ந்துகொண்டிருந்ததால் உங்களுக்குச் சில மீட்டர்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அந்தச் சில மீட்டர்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கும். அவசர பிரேக் அமைப்புக்கு ஒன்றரை விநாடி திகைப்பு கிடையாது. ஆனால் நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடித்து விலகிவிடக்கூடும் என்று அது கடைசிவரை இடம் கொடுப்பதால், முழு பிரேக் பெரும்பாலும் மோதலுக்கு ஒரு விநாடி, ஒன்றரை விநாடி முன்புதான் விழும். நிற்கும் வாகனம் ஒன்றை நோக்கி 90-ல் போகும்போது 30 மீட்டர் முன்னால் பிரேக் விழுந்தால், மோதும் வேகம் 40-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். மோதல் நின்றுவிடாது, ஆனால் அதன் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். உயிர் பிழைப்பதற்கும் பிழைக்காமல் போவதற்கும் இடையிலான வித்தியாசம் பல விபத்துகளில் அதுவாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த வசதியை நீங்கள் விரும்புவது மிகச் சரி என்று நினைக்கிறேன். அதே காரணத்தால்தான், அது இல்லாத காரை அது இருப்பதுபோன்ற விலைக்கு வாங்குவதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. காத்திருக்கும் மாதங்களில், இரவில் அந்தப் பாதையில் 90-க்குப் பதில் 70-ல் போங்கள். மேலே சொன்ன 77 மீட்டர் 53 மீட்டராகிவிடும். எட்டு வருடப் பழைய உங்கள் காரிலேயே இது இன்றிரவே கிடைக்கும்.

லேனின் நடுவில் காரை வைத்திருக்கும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சேலம் – உளுந்தூர்பேட்டைச் சாலையில் ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகள் நான்கு வழியாகாமல் நெடுங்காலம் இருவழியாகவே இருந்ததும், அங்கே நேருக்கு நேர் மோதல்கள் நடந்ததும் உங்களுக்கே தெரியும். எதிரே வரும் லாரிக்காக ஓரம் ஒதுங்கும்போது காரை நடுவுக்குத் திருப்பப் பார்க்கும் ஒரு வசதி, அப்படிப்பட்ட இடங்களில் அணைத்து வைக்க வேண்டியதுதான். தானாக பார்க்கிங் செய்வதற்கும் உங்கள் பயணங்களுக்கும் தொடர்பில்லை. 2.4 லட்சத்தில் உங்களுக்குப் பொருள் தரும் பகுதி அவசர பிரேக் ஒன்றுதான்.

நான் டெலிவரியைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு ஷோரூமில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். சலுகை போய்விடும், விலை ஏறிவிடும், வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள் என்பார்கள். 40,000 ரூபாயை இழப்பதற்கும், இன்று ஒரு பயனும் தராத ஒன்றுக்கு 2.4 லட்சத்தை முன்பணமாகக் கொடுப்பதற்கும் இடையே எது பெரிய இழப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். டீலரிடம் வாதாடிப் பயனில்லை. அவரால் மென்பொருளுக்கு உறுதி கொடுக்க முடியாது. தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, நிறுவனத்தின் பெயரிலேயே பதில் கேளுங்கள். எந்தெந்த வசதி, எந்தத் தேதிக்குள் வரும், அந்தத் தேதி தவறினால் எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும், வந்த பிறகு சந்தா ஏதும் கட்ட வேண்டுமா, காரில் உள்ள சிம்மின் இணையத் திட்டம் முடிந்தபின் அப்டேட் வருமா, பிரேக் சம்பந்தப்பட்ட அப்டேட் தானாக இறங்குமா, இல்லை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டுமா, அவசர பிரேக் எந்த வேகம் வரை இயங்கும், இருசக்கர வாகனத்துக்கும் நடந்து செல்பவருக்கும் இயங்குமா என்பவற்றையெல்லாம் அதில் கேட்டுவிடுங்கள். தேதியும் தொகையும் சேர்த்து அவர்கள் எழுதிக் கொடுத்தால், என் கருத்தை மாற்றிக்கொண்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். 'விரைவில் வழங்கப்படும்' என்று மட்டும் எழுதினால் அதை உறுதியாகக் கொள்ள முடியாது.

என் நண்பர் ஒருவர் அனுபவத்தை இங்கே சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் இருப்பவர். இதேபோன்ற வாக்குறுதியின் பேரில் கார் எடுத்தார். டெலிவரி நாளன்று மாலை போட்டு, கேக் வெட்டி, புகைப்படம் எடுக்கும் சந்தடியில் ஏழெட்டுத் தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்றில், 'எல்லா வசதிகளும் எனக்கு விளக்கப்பட்டன. இயங்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்திருக்கிறது. பதினான்கு மாதம் கழித்தும் வசதி வராமல் அவர் கேட்டபோது, அந்தத் தாளைத்தான் எடுத்து முன்னால் வைத்தார்கள். நீட்டித்த வாரண்டி ஒன்றைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அவரும் அலுத்துப்போய் ஏற்றுக்கொண்டார். நீங்கள் எந்த மாதம் கார் எடுத்தாலும் அந்தத் தாளை நிதானமாக வாசியுங்கள். இயங்காத வசதி இருந்தால் அதன் பெயரை உங்கள் கையாலேயே 'இன்று இயங்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். எழுதிய தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், இன்றைய தேதியில் உள்ள விளம்பரக் கையேட்டையும் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் உள்ள கையேடு சத்தமில்லாமல் மாறிவிடும்.

ஆடிட்டர் சொல்வதில் ஒரு விஷயத்தைச் சேர்த்து யோசியுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையில் சேர்ப்பதில்லை. சுயதொழிலால் வாழ்க்கை நடத்துபவருக்கு விலக்கு உண்டு என்றாலும், பட்டறையின் பெயரில் கார் இருந்தால் அந்த வாதத்தை எதிர்த்தரப்பு முதல் நாளே எழுப்பும். உங்கள் சொந்தப் பெயரில் வாங்கினால் அந்தச் சங்கடம் இல்லை. தேய்மானத்தில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று எண்ணிக்கையில் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் கோவையிலேயே உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், பல நேரங்களில் நிறுவனமே பேச வரும். புகார் கொடுக்கக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். தேதி குறிப்பிடாத வாக்குறுதி என்றால் அந்தக் காரணம் எந்த நாள் எழுந்தது என்பதே வழக்காகிவிடும். நான் வழக்கறிஞன் அல்லன். அந்தக் கட்டம் வந்தால் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

கீழ் வேரியன்ட்டுக்கு மாறுவது என்பது, ஏதோ காரணத்தால் உடனே கார் வேண்டியிருந்தால் மட்டும். அதில் ரேடாரே பொருத்தப்பட்டிருக்காது என்பதால் பின்னால் ஆசைப்பட்டாலும் இந்த வசதிகளைச் சேர்க்க முடியாது. மாறுவதாக இருந்தால், ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி., நல்ல எல்.இ.டி. முகப்பு விளக்கு ஆகியவை அதிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விளக்கில் சமரசம் செய்யாதீர்கள். உங்கள் இரவுப் பயணத்துக்கு அது மிக முக்கியம்.

கடைசியாக, உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பனையாளர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். வசதி பின்னால் வருகிறது என்றால், ஆறு மாதம் ஒரு விதமாகப் பழகிய கார் ஒருநாள் காலையில் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்று பொருள். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் நான் ஓட்டிய சோதனைக் கார் ஒன்றில் முந்தின இரவு புது மென்பொருள் ஏற்றியிருந்தார்கள். சாலை வேலைக்காகப் பாதையை மாற்றிய ஓர் இடத்தில் புதிதாகப் போட்ட வெள்ளைக் கோடும், சரியாக அழிக்கப்படாத பழைய கோடும் சேர்ந்து தெரிந்தன. அதுவரை அந்த இடத்தில் பேசாமல் இருந்த ஸ்டீயரிங், அன்று பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு என் கையை இடது பக்கம் இழுத்தது. லேசான இழுப்புதான். நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததால் உடனே திருத்திக்கொண்டேன். பள்ளிக்குப் போகும் அவசரத்தில், பின்னால் பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் அது நேர்ந்தால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். அதனால் எந்த அப்டேட் வந்தாலும், என்ன மாறியது என்ற குறிப்பைக் கார் திரையில் இருவரும் வாசித்துவிட்டு, நெரிசல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இருவரும் மாறி மாறி ஓட்டிப் பார்த்த பிறகே அன்றாடப் பயணத்துக்கு எடுங்கள். அதேபோல, கல் பட்டு முன்கண்ணாடி மாற்ற நேர்ந்தால், அதன்பின் இருக்கும் கேமராவை மறுபடி அளவுசெய்ய வேண்டும் என்பதையும், அந்தச் செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான். நிறுவனத்துக்கு அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். பிறகு டீலரிடம், வசதி வந்தவுடன் டெமோ காரைப் பகலில் அல்ல, பொழுது சாய்ந்த பிறகு, அவிநாசி சாலையின் நெரிசலில் ஒரு முறையும் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஒரு முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவசர பிரேக்கை நீங்களாகச் சோதித்துப் பார்க்க முயல வேண்டாம்; அதற்குரிய மைதானமும், மோதினாலும் சேதம் வராத பலூன் போன்ற போலிக் காரும் இல்லாமல் அது ஆபத்து. திரையில் அந்த வசதி இயங்கும் நிலையில் காட்டுகிறதா, முன்னால் போகும் பைக்கையும் ஆட்டோவையும் லாரியையும் இருட்டிலும் அடையாளம் காண்கிறதா, காரணமில்லாமல் எச்சரிக்கை ஒலிக்கிறதா என்று பார்த்தால் போதும். நிறுவனத்திலிருந்து பதில் வந்ததும் அதை எனக்கு அனுப்பி வையுங்கள். டெலிவரிக்குத் தேதி கொடுக்கும் முன்பாகவே, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன உறுதி கொடுக்கிறது, எதைக் கொடுக்காமல் விடுகிறது என்று வாசித்துச் சொல்கிறேன்.